நாவடி எலும்பும் மொழியின் தொன்மையும்

1. முன்னுரை

மொழியின் தோற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மொழியியலாரிடையே நெடுங்காலம் மதிப்பு இருந்ததில்லை. மொழித் தோற்றம் குறித்த கட்டுரை எதனையும் ஏற்பதில்லை என்று பாரிசு மொழியியல் கழகம் 1866-இல் தன் விதிகளிலேயே எழுதி வைத்தது. மொழியியலார் இவ்வாறு விலக்கி வைத்த வினாவை உயிரியலாரும் தொல்மானிடவியலாரும் எடுத்துக் கொண்டனர். பேசும் மனிதன், பேசா மூதாதை என்னும் பாகுபாடு அவர்கள் எழுத்தில் வேரூன்றியது. இப்பாகுபாடு எவ்வாறு தோன்றியது, எலும்புச் சான்றுகள் கிடைக்கக் கிடைக்க எவ்வாறு மாறியது, அச்சான்றுகளைக் கொண்டு மொழியைப் பற்றி எதுவரை முடிவு கூறலாம் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எலும்புக்கு முன் பிறந்த பெயர்

செருமானிய மொழியியலார் ஆகஸ்ட் ஷ்லைகர், டார்வின் கொள்கைக்கும் மொழியியலுக்கும் உள்ள தொடர்பை விளக்கி 1863-இல் ஒரு திறந்த மடல் வெளியிட்டார். அது யேனா பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய விலங்கியலார் எர்ன்ஸ்ட் ஹெக்கலுக்கு எழுதப்பட்டது. மனிதனை மனிதனாக்குவது மொழியே என்னும் ஷ்லைகரின் கருத்து ஹெக்கலிடம் ஆழப் பதிந்தது. குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டதாகத் தாம் எண்ணிய உயிரினத்திற்கு ஹெக்கல் 'பித்தெகாந்த்ரோபஸ் அலாலஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கச் சொற்களால் ஆன இப்பெயருக்குப் 'பேச்சற்ற குரங்கு மனிதன்' என்பது பொருள். அப்போது அவ்வுயிரினத்தின் எலும்பு ஒன்றேனும் எவர் கையிலும் இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

அதனைத் தேடியே டச்சு மருத்துவர் யூஜின் துபுவா கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். சாவகத் தீவின் டிரினில் என்னுமிடத்தில் 1891-இல் ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியும் மறு ஆண்டில் ஒரு தொடை எலும்பும் கிடைத்தன. 1894-இல் அவர் இட்ட பெயர் 'பித்தெகாந்த்ரோபஸ் எரக்டஸ்' என்பதாகும். ஹெக்கல் தந்த முற்பகுதியை ஏற்ற துபுவா, பிற்பகுதியை மாற்றினார். 'பேச்சற்ற' என்றிருந்த இடத்தில் 'நிமிர்ந்த' என்பது வந்தது. தொடை எலும்பைக் கண்டு நடையைப் பற்றி ஒருவர் கூறலாம். பேச்சைப் பற்றிக் கூற இயலாது. சான்று கிடைத்தபோது அடைமொழி மாறிற்று. இன்று இவ்வினம் ஹோமோ எரக்டஸ் எனப்படுகிறது.

3. மூன்று உயிர்களின் வழக்கு

1856-இல் செருமனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் வேறொரு தொல்மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வினத்தின் ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூடு ஒன்று 1908-இல் பிரான்சின் லா ஷப்பேல்-ஓ-செயின்ட் என்னும் ஊரருகே கிடைத்தது. அதனை ஆராய்ந்த மார்செலின் பூல், கூன் விழுந்து முழங்கால் மடங்கி நடக்கும் ஓர் உருவத்தை வரைந்து காட்டினார்; அதற்கு வளர்ந்த மொழி இருந்திருக்க இயலாது என்றும் கருதினார். அவ்வெலும்புக்கூடு மூட்டு வாதத்தால் நலிந்த ஒரு முதியவருடையது என்பதை ஸ்ட்ராஸ், கேவ் ஆகியோர் 1957-இல் எடுத்துக்காட்டினர். கூன் நிமிர்ந்தது; பேச்சைப் பற்றிய ஐயம் அகலவில்லை.

1971-இல் மொழியியலார் பிலிப் லீபர்மனும் உடற்கூற்றியலார் எட்மண்ட் கிரெலினும் இவ்வினாவை ஒலியியல் முறையில் அணுகினர். அதே மண்டையோட்டின் அடிப்பகுதியைக் கொண்டு குரல்வழியின் வடிவத்தை மீட்டுருவாக்கிக் கணிப்பொறியால் கணக்கிட்டனர். பிறந்த குழந்தைக்கு உள்ளது போல நியாண்டர்தாலர்க்கும் குரல்வளை உயர்ந்து நின்றது என்றும், ஆகவே அ, இ, உ என்னும் மூன்று உயிரொலிகளையும் அவர்கள் தெளிவாக ஒலித்திருக்க இயலாது என்றும் முடிவு கூறினர். தமிழ் இலக்கணம் சுட்டெழுத்துகளாக வகுத்தவையும் இம்மூன்றே என்பது நம் கவனத்திற்குரியது. நாவின் நிலையைக் கொண்டு நோக்கின் இவை உயிரொலிப் பரப்பின் மூன்று மூலைகள்; ஆதலின் கேட்போர் எளிதில் வேறுபடுத்தி அறியத்தக்கவை.

இவ்விருவரும் நியாண்டர்தாலர்க்குப் பேச்சே இல்லை என்று கூறவில்லை. ஒலிகளின் எல்லை குறுகியது என்றே கூறினர். பொதுமக்களுக்கான நூல்களில் இது 'நியாண்டர்தாலர் பேசாதவர்' எனச் சுருங்கியது. ஹெக்கலின் பழைய அடைமொழி இவ்வாறு வேறு வழியில் திரும்பி வந்தது.

4. கெபாராவும் அதன் பின்னும்

நாவின் அடியில், குரல்வளைக்கு மேல், லாட வடிவில் அமைந்த சிறிய எலும்பை நாவடி எலும்பு என்கிறோம். வேறெந்த எலும்போடும் மூட்டால் இணையாமல் தசைகளாலும் நாண்களாலும் மட்டுமே தாங்கப்படுவதால் புதைபடிவமாக அது எஞ்சுவது மிக அரிது. 1983-இல் இசுரேலின் கார்மல் மலையிலுள்ள கெபாரா குகையில், ஏறத்தாழ 60,000 ஆண்டுப் பழமையுடைய நியாண்டர்தால் எலும்புக்கூட்டோடு அவ்வெலும்பும் கிடைத்தது. அது இன்றைய மனிதரின் நாவடி எலும்பை ஒத்திருப்பதாக ஆரென்ஸ்பர்க் குழுவினர் 1989-இல் அறிவித்தனர். எலும்பின் வடிவம் ஒத்திருப்பதாலேயே அது கழுத்தில் நின்ற இடமும் ஒத்திருந்தது என்றாகாது என லீபர்மன் மறுத்தார். கெபாரா எலும்புக்கூட்டில் கீழ்த்தாடை இருந்தது, மண்டையோடு இல்லை. லா ஷப்பேலில் மண்டையோடு இருந்தது. நாவடி எலும்பு இல்லை. ஒரு பக்கத்தார் சான்றைக் கொண்டு மறுபக்கத்தாரை மறுக்க வழியின்றி வழக்கு நீண்டது.

பின்வந்த கண்டுபிடிப்புகள் இவ்வழக்கைக் காலத்தால் விரித்தன. எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் கிடைத்த, ஏறத்தாழ 33 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய ஆசுத்திரலோபித்தெகசுக் குழந்தையின் நாவடி எலும்பு ஆப்பிரிக்கப் பெருங்குரங்குகளின் எலும்பை ஒத்திருந்தது. 2006-இல் இது வெளியாயிற்று. ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவில் கிடைத்த, 4 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாவடி எலும்புகளோ மனித வடிவினவாய் இருந்தன. ஆகவே இம்மாற்றம் இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது எனலாம்.

செவியும் சான்றாயிற்று. நியாண்டர்தாலரின் காதெலும்புக் குழிகளை அளந்த ஆய்வொன்று, பேச்சொலிகளுக்குரிய அதிர்வெண்களை அவர்கள் நம்மைப் போலவே கேட்டிருப்பர் என 2021-இல் முடிவு செய்தது. பேச்சுக் குறைபாடு வழிவழி வந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து 2001-இல் இனங்காணப்பட்ட ஃபாக்ஸ்பி-2 என்னும் மரபணுவில், மனிதர்க்கே உரியவை எனக் கருதப்பட்ட இரு மாற்றங்கள் நியாண்டர்தாலரிடமும் உள்ளமை 2007-இல் தெரிய வந்தது.

இதனினும் பெரிய மாற்றம் அடிப்படைக் கருதுகோளிலேயே நேர்ந்தது. ஆண் செம்மானுக்கும் குரல்வளை தாழ்ந்தே உள்ளது என்பது 2001-இல் காட்டப்பட்டது. மக்காக் குரங்கின் குரல்வழியே போதிய உயிரொலிகளைத் தரவல்லது என்று ஃபிட்ச் குழுவினர் 2016-இல் நிறுவினர். குரங்கு பேசாமைக்குக் காரணம் தொண்டையன்று. தொண்டையை இயக்கும் மூளையே ஆகும். அரை நூற்றாண்டு வாதிட்ட குரல்வளையின் உயரம், வழக்கின் மையத்திலிருந்து இவ்வாறு விலகிற்று.

5. பேச்சும் மொழியும்

மேற்கண்ட சான்றுகள் அனைத்தும் பேச்சைப் பற்றியவை; மொழியைப் பற்றியவை அல்ல. சைகை மொழிகள் முழுமையான இலக்கண அமைப்புடையவை என்பதை 1960-இல் வில்லியம் ஸ்டோக்கோ தொடங்கி வைத்த ஆய்வுகள் ஐயமற நிறுவியுள்ளன. குரலின்றியும் மொழி இயலும். கிளியைப் போல மொழியின்றியும் பேச்சொலி இயலும். மூன்று உயிர்களை மட்டுமே வேறுபடுத்தும் செவ்வியல் அரபு எத்தகைய இலக்கியத்தைத் தாங்கியது என்பதை அறிந்தோர், ஒலிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மொழியின் வளத்தை அளக்கமாட்டார்.

தமிழில் இவ்வேறுபாட்டைக் காப்பது சற்றுக் கடினம். 'மொழி' என்னும் பெயர்ச்சொல்லும் 'மொழிதல்' என்னும் வினையும் ஒரே வேரின. சொல்லுதல் என்னும் பொருள் பெயரிலேயே உறைந்துள்ளது. 'பேசும் திறன்' என்று மூலம் கூறுவதை 'மொழித்திறன்' என்று பெயர்த்தால், மூல ஆசிரியர் கூறாத முடிவு தமிழில் ஏறிவிடும். உயிரினப் பெயர்களிலும் இவ்விழிப்பு வேண்டும். 'மனிதக் குரங்கு' இன்றும் வாழும் உயிரினம். 'குரங்கு மனிதன்' ஹெக்கலின் கற்பனைப் பெயரின் பெயர்ப்பு. 'ஹோமினிட்' முன்னர் மனிதக் கிளையை மட்டும் குறித்தது. இன்று பெருங்குரங்குகளையும் அடக்கும். மனிதக் கிளைக்கு இன்று வழங்கும் பெயர் 'ஹோமினின்' ஆகும். நூலின் காலத்தை நோக்காமல் இவற்றைப் பெயர்த்தல் பிழைக்கு இடந்தரும்.

6. முடிவுரை

'பேச்சற்ற' என்னும் அடைமொழி சான்றிலிருந்து பிறந்ததன்று. சான்றுக்கு முன்பே வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அது. கிடைத்த எலும்புகள் அக்கோட்டை மேன்மேலும் பின்னோக்கித் தள்ளியுள்ளன. 2010-இல் வெளியான நியாண்டர்தால் மரபணுத்தொகுதி ஆய்வின்படி, ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்கள் அனைவரிடமும் அவர்தம் மரபுக்கூறு சிறிதளவு உள்ளது. பங்காளிகளாகக் கருதப்பட்டோர் ஒருவகையில் நம் முன்னோருமாயினர். அக்கலப்பில் பிறந்த குழந்தைகளை வளர்த்தோர் அவர்களோடு எவ்வாறு உறவாடினர் என்பதை எந்த எலும்பும் கூறாது. அவர்கள் பேசவல்ல உறுப்புகளும் கேட்கவல்ல செவியும் உடையவர்களாய் இருந்தனர் என்பதுவரை கூறலாம். அதற்கு அப்பால் 'மொழியற்றவர்' என்று துணிவதும் 'நம்மைப் போன்றே மொழியுடையவர்' என்று துணிவதும் ஒரே தன்மைய ஊகங்களாம். 1866-இன் தடை வினாவை மூடியது. இன்று வேண்டுவது வினாவைத் திறந்து வைத்து விடையின் எல்லையை அறிதலே ஆகும்.