அதிகாரத்தின் குரலிற் பாடியவர்கள்

புகழ்வது போல இகழ்வதைத் தமிழிலே வஞ்சப்புகழ்ச்சி என்பர். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்றுப் பாடல் இதற்குத் தக்க சான்றாகும். உன்னுடைய வேல்கள் மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையிலே அழகாக இருக்கின்றன; எங்கள் மன்னனுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லனின் உலைக்களத்திலே கிடக்கின்றன என்பது அப்பாடலின் கருத்து. கேட்பவன் முதலில் மகிழ்வான். பின்னர் உட்பொருளை உணர்ந்து தலைகுனிவான். அவன் உணர்வதற்கென்று ஒரு வாசலைப் புலவர் திறந்தே வைத்திருப்பார்.

அந்த வாசலையும் அடைத்துவிட்டால் என்ன நடக்கும்? புகழ்ச்சி முடிவின்றி நீண்டு, இகழ்ச்சி ஓரிடத்திலும் தலைகாட்டாவிட்டால், கேட்பவன் என்ன செய்வான்? இந்த வினாவுக்கு விடை காண, மத்திய ஐரோப்பாவின் சுரங்க ஊரொன்றிலே தோன்றிய ஓர் இசைக்குழுவின் வரலாறு நமக்கு உதவும். அக்குழுவின் பெயர் லைபாக்.

1980 மே 4ஆந் திகதி யூகோஸ்லாவியாவின் தலைவர் மார்ஷல் டிட்டோ காலமானார். 1976இல் கொழும்பில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டுக்கு அவர் வந்திருந்ததை நேயர்களுள் மூத்தவர்கள் நினைவுகூர்வர். ஆறு குடியரசுகளையும் பல மொழிகளையும் சமயங்களையும் கொண்ட அந்த நாட்டைச் சகோதரத்துவம், ஒற்றுமை என்ற சுலோகங்களின் கீழ்க் கட்டி வைத்திருந்தவர் அவர். அவர் மறைந்து ஒரு மாதம் ஆவதற்குள், ஜூன் 1ஆந் திகதி, ஸ்லொவீனியாக் குடியரசின் திர்பொவ்லியே என்னும் ஊரிலே சில இளைஞர்கள் லைபாக் குழுவைத் தொடங்கினர்.

திர்பொவ்லியே அக்காலத்திலே நிலக்கரிச் சுரங்கமும் சீமெந்துத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் கொண்டிருந்த ஊர். அந்த மின் நிலையத்தின் புகைபோக்கி 360 மீற்றர் உயரமானது. சுரங்கத் தொழிலாளரின் போராட்டங்களுக்கும் அவ்வூர் பெயர்பெற்றது. 1924ஆம் ஆண்டின் அதே ஜூன் 1ஆந் திகதி, ஒர்யூனா என்ற தேசியவாத இயக்கத்தினருக்கும் தொழிலாளருக்கும் இடையே அங்கு நடந்த மோதலிலே இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின.

அக்காலத்திலே இங்கிலாந்தில் ஒரு புதுவகை இசை தோன்றியிருந்தது. துரொப்பிங் கிறிசில், ஷெபீல்ட் நகரத்துக் கபரே வோல்ற்றயர் முதலிய குழுக்கள் இயந்திர ஓசைகளையும் ஒலிநாடாத் துண்டுகளையும் இலத்திரனியல் கருவிகளையும் கொண்டு, இனிமையை வேண்டுமென்றே விலக்கிய ஓர் இசையைப் படைத்தன. துரொப்பிங் கிறிசில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரை ஒட்டி இதற்கு 'இண்டஸ்ற்றியல்' இசை என்ற பெயர் வழங்கலாயிற்று. தொழிற்சாலை இசை என நாம் கூறலாம். லைபாக் இளைஞருக்கோ தொழிற்சாலை ஒரு கற்பனைப் பொருளன்று. பிறந்தது முதல் காதில் விழுந்த ஓசை அது. அதனோடு இராணுவ முரசையும் ஊதுகொம்பையும் சேர்த்தனர். டிட்டோவின் உரைப்பதிவுகளையும் சேர்த்தனர். பாடகரின் தடித்த குரல் பாடுவதிலும் பார்க்கக் கட்டளையிடுவது போலவே ஒலித்தது.

பெயரே முதற் குற்றமாயிற்று. ஸ்லொவீனியாவின் தலைநகரான லியூப்லியானாவை ஜேர்மானியர் லைபாக் என்று அழைத்தனர். ஹப்ஸ்பேர்க் பேரரசின் ஆட்சிக்காலம் முழுவதும் வழங்கிய பெயர் அது. 1943 செப்டெம்பரிலே இத்தாலி சரணடைந்த பின் நாஜிப் படைகள் நகருக்குள் நுழைந்தபோது அதே பெயர் மீண்டும் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்திலே முட்கம்பி வேலியால் நகரம் முழுவதும் அடைக்கப்பட்டிருந்த காலத்தை அனுபவித்தவர்கள் அப்போதும் உயிரோடிருந்தனர். ஊர்ப் பெயரை மாற்றுவது ஆள்பவர் கையிலுள்ள ஆயுதம் என்பதை அவர்கள் அறிவார்கள். விடுதலைக்குப் பின் பிறந்த பிள்ளைகள் ஆக்கிரமிப்பாளன் இட்ட பெயரைத் தாமாக எடுத்துச் சூடிக்கொண்டதை அவர்களாற் பொறுக்க முடியவில்லை.

1980 செப்டெம்பரிலே திர்பொவ்லியேயில் நடத்தவிருந்த முதல் நிகழ்ச்சி, சுவரொட்டிகளைக் கண்ட அதிகாரிகளாலே தொடங்குமுன்னரே தடைசெய்யப்பட்டது. 1982இல் லியூப்லியானாவிலே நடந்த இசை விழாவொன்றிற் பாடகர் தோமாஷ் ஹொஸ்ற்னிக் இராணுவ உடையில், முசோலினியை நினைவூட்டும் தோற்றத்தோடு மேடையேறினார். கூட்டத்திலிருந்து எறியப்பட்ட போத்தல் முகத்திற் பட்டது. இரத்தம் வடிய, அசையாமல் நின்று பாடி முடித்தார். அவ்வாண்டு டிசெம்பரில், இருபத்தொரு வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

குழு கலையவில்லை. தனிமனிதப் பெயரையும் புகழையும் துறந்து, கட்சியைப் போலவும் தொழிற்சாலையைப் போலவும் ஒரே உடலாக இயங்குவதென்ற கொள்கையை அவர்கள் எழுத்தில் வெளியிட்டனர். 1983இலே சாக்ரெப் நகரில் டிட்டோவைக் காட்டும் அரசுப் படத்தையும் ஆபாசப் படத்தையும் ஒரே நேரத்தில் திரையிட்டபோது பொலிஸார் நிகழ்ச்சியை நிறுத்தினர். அவ்வாண்டு ஜூன் 23ஆந் திகதி தொலைக்காட்சியிலே தோன்றினர். சீருடையோடு, முகத்தில் எவ்வித உணர்ச்சியுமின்றி, முன்னரே எழுதிய விடைகளைக் கட்சி அறிக்கை வாசிப்பது போல வாசித்தனர். பேட்டி கண்டவரோ, இந்த ஆபத்தை யாரேனும் தடுக்க மாட்டார்களா என்று பார்வையாளரை நோக்கிக் கேட்டார். தொடர்ந்து, லைபாக் என்ற பெயரைப் பயன்படுத்துவதும் அப்பெயரில் மேடையேறுவதும் தடைசெய்யப்பட்டன.

தடையையும் அவர்கள் கருவியாக்கிக்கொண்டனர். 1984 டிசெம்பரில் ஹொஸ்ற்னிக்கின் நினைவாக லியூப்லியானாவில் நடத்திய நிகழ்ச்சியின் சுவரொட்டியிலே பெயர் இல்லை. கறுப்புச் சிலுவை மட்டுமே இருந்தது. 1985இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் உறையிலும் பெயர் இல்லை. பெயரைச் சொல்லாமலே ஊர் முழுவதும் அவர்களை அறிந்துகொண்டது.

அதிகாரிகளின் சங்கடம் வேறொன்று. அரசைத் திட்டினால் வழக்குத் தொடரலாம். இவர்களோ அரசைத் திட்டவில்லை. அரசே தலையாயது, ஒழுங்கே அழகு, தனிமனிதன் ஒன்றுமில்லை என்று அரசு சொன்னதையே அரசிலும் பார்க்க உரத்துச் சொன்னார்கள். நீங்கள் பாசிசவாதிகளா என்ற கேள்விக்கு, ஹிட்லர் எவ்வளவு தூரம் ஓவியரோ அவ்வளவு தூரம் நாமும் பாசிசவாதிகள் என்று விடையளித்தார்கள். ஹிட்லர் ஓவியரும்தானே! விடையிலும் வாசல் திறக்கவில்லை.

ஸ்லொவீனிய மெய்யியலாளர் ஸ்லாவோய் ஜிஜெக் இதற்குத் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. அரசின் சுலோகங்களை மக்கள் நம்புவதில்லை, அதிகாரிகளும் நம்புவதில்லை. ஊர்வலத்திலே கொடி பிடித்துவிட்டு வீட்டிலே பகிடி விடுவார்கள். அந்தப் பகிடியால் அரசுக்குக் கேடில்லை. அது அரசு நிலைப்பதற்கே துணைபோகிறது. அரசு அஞ்சுவதெல்லாம் சுலோகத்தை எழுத்துக்கு எழுத்து மெய்யென எடுத்துக்கொள்ளும் ஒருவனுக்கே என்பது அவர் வாதத்தின் சாரம்.

1987இல் நடந்த சம்பவம் இதை மெய்ப்பித்தது. லைபாக்கும் இர்வின் என்ற ஓவியர் குழுவும் ஒரு நாடகக் குழுவும் இணைந்து 1984இலே 'புதிய ஸ்லொவீனியக் கலை' என்ற இயக்கத்தை அமைத்திருந்தன. டிட்டோவின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட மே 25ஆந் திகதி இளைஞர் தினத்துக்கு அவ்வியக்கத்தின் வடிவமைப்புப் பிரிவினர் சுவரொட்டியொன்றை வரைந்து அனுப்பினர். நடுவர்கள் பாராட்டித் தெரிவுசெய்தனர். பின்னரே உண்மை வெளிவந்தது. ரிச்சர்ட் கிளைன் என்ற நாஜிக் காலத்து ஓவியர் 1936இல் வரைந்த படம் அது! சுவஸ்திகாக் கொடிக்குப் பதிலாக யூகோஸ்லாவியக் கொடி, கழுகுக்குப் பதிலாகப் புறா என மாற்றியிருந்தார்கள். சோசலிச வீரத்தின் இலட்சணம் என்று நடுவர்கள் போற்றியது பாசிச வீரத்தின் உருவத்தை. நாடே கொதித்தது. ஆயினும் குற்றம் யாருடையது என்ற வினா எஞ்சி நின்றது. இளைஞர் தின விழாவும் 1988உடன் முடிவுக்கு வந்தது.

தடை நீங்கிய அதே 1987இல் லைபாக்கின் பார்வை மேற்குலகின் பக்கமும் திரும்பியது. ஒஸ்ரியாவின் ஓபுஸ் குழு பாடிய களியாட்டப் பாடலையும் குயீன் குழுவின் ஒரு பாடலையும் இராணுவ நடைக்கு மாற்றிப் பாடினார்கள். சொற்களை அதிகம் மாற்றவில்லை. குயீன் பாடலை ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்த அளவிலேயே அதன் ஒருமைப்பாட்டு முழக்கம் கேட்பவரைத் திடுக்கிடச் செய்தது. பல்லாயிரம் பேர் கைகளை உயர்த்தி ஒரே குரலிற் பாடும் இன்பத்துக்குள்ளே கீழ்ப்படியும் இன்பமும் ஒளிந்திருக்கிறது என்பதே அவர்கள் காட்டியது. 1989இல் மிலோசெவிச்சின் செல்வாக்கு உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, பெல்கிரேட் மேடையிலே அவருடைய பேச்சு நடையை ஜேர்மன் மொழியோடு கலந்து ஓர் உரையை நிகழ்த்தச் செய்தனர். வரவிருந்த அழிவை அங்கிருந்த சிலராவது அன்று உணர்ந்திருக்கலாம்.

1991இலே யூகோஸ்லாவியா உடைந்தது. அடுத்த ஆண்டு அவ்வியக்கம் தன்னை நிலமில்லாத, காலத்தில் மட்டும் நிலைத்த ஓர் அரசாக அறிவித்துக் கடவுச்சீட்டும் வழங்கியது. 1995 நவம்பர் 20, 21ஆந் திகதிகளிலே முற்றுகைக்குள் இருந்த சரயேவோவின் தேசிய அரங்கிலே லைபாக் பாடியது. பொஸ்னிய யுத்தத்தை முடித்த டேற்றன் உடன்பாடு இணங்கப்பட்டதும் அந்த 21ஆந் திகதியே. உண்மையான அரசுகள் கைவிட்ட மக்களுக்குக் கற்பனை அரசொன்று கடவுச்சீட்டு வழங்கியது. அக்கேலியின் பொருளை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நைஜீரியாவிலிருந்து பெருந்தொகையானோர் இக்கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தனர். ஐரோப்பாவுக்குப் போவதற்கு இது வழிசெய்யும் என்று அவர்களிற் பலர் மெய்யாகவே நம்பினர். இதைக்கொண்டு எல்லை கடக்க முடியாது என்று கலைஞர்கள் அறிவித்தல் கொடுக்க வேண்டியதாயிற்று. கடவுச்சீட்டு ஒரு மனிதனுக்கு என்ன என்பதை நம்மவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நடுவர்களை ஏமாற்றிய சுவரொட்டி அரசின் முகத்திரையைக் கிழித்தது. கதியற்றவனை ஏமாற்றிய கடவுச்சீட்டு எதைக் கிழித்தது?

2015 ஆகஸ்டில் வடகொரியத் தலைநகர் பியொங்யாங்கிலே லைபாக் பாடியது. 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' திரைப்படப் பாடல்களை அங்கே பாடினார்கள். சர்வாதிகாரத்தைக் கேலி செய்தார்களா, அதற்கு அலங்காரமாயினார்களா என்ற விவாதம் எழுந்தது. 2023 மார்ச்சில் உக்ரேனின் கீவ் நகரிலே பாட ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்னர் கொடுத்த பேட்டியொன்றில், அங்கு நடப்பது பெரிய நாடுகளின் நலனுக்காக நடத்தப்படும் பதிலி யுத்தம் என்ற கருத்துப்பட அவர்கள் கூறினர். கீவ் மக்கள் சினந்தனர், நிகழ்ச்சி இரத்தானது. சரயேவோவிலே முகமூடியோடு வந்து வரவேற்கப்பட்டவர்கள், முகமூடியைக் கழற்றிச் சொந்தக் குரலிற் பேசியபோது வாசலிலேயே தடுக்கப்பட்டனர்.

லைபாக்கின் மேடையிலே கேலியைக் காணாது, அந்தச் சீருடையையும் முரசையும் மெய்யாகவே விரும்பி வருபவர்களும் உண்டு என்பது அவர்கள்மீது நெடுங்காலமாகக் கூறப்படும் குறை. வாசலை அடைத்த கலைக்கு இது தவிர்க்க முடியாத விலை. ஆயினும் அவர்களுடைய சாதனையை மறுப்பதற்கில்லை. அதிகாரம் தன்னுடைய குரலைத் தானே கேட்டு அஞ்சும்படி செய்தவர்கள் கலையுலகிலே மிகச் சிலரே.

ஔவையார் அந்தப் பாடலைத் தொண்டைமானின் முன்னிலையிலே, அவன் படைக்கலங்களுக்கு நடுவே நின்று பாடினார். போரிலே பிள்ளையை இழந்த தாயின் வீட்டு முற்றத்திலே நின்று அதைப் பாடியிருக்க மாட்டார். வஞ்சப்புகழ்ச்சி யாரை நோக்கிப் பாடப்படுகிறது என்பதிலேயே அதன் அறம் தங்கியுள்ளது. லைபாக் அதிகாரத்தின் முன் நின்று பாடிய காலமே அதன் பொற்காலம் என்பதற்கு அவர்களுடைய நாற்பது ஆண்டு வரலாறே சான்று.