வெண்ணெய் திரண்டபோது தாழியை உடைத்த பார்சிலோனா

"அந்த ஆளு மட்டும் நம்ம டீமுக்கு வந்திருந்தா..." என்று புலம்பாத கால்பந்து ரசிகனே உலகத்தில் கிடையாது. முக்கால்வாசி அது வெறும் புலம்பல்தான். ஒரே ஒரு ஆள் வராமல் போனதால் ஒரு கிளப்போட தலையெழுத்தே மாறிடுமா என்ன? மாறும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரிந்து ஒரு கதை இருக்கிறது. 1953ல் ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபானோவை பார்சிலோனா கோட்டை விட்ட கதை.

முதலில் ஒரு கணக்கு. 1953 கோடையில் பார்சிலோனா 6 முறை லீக் சாம்பியன். ரியல் மாட்ரிட்? வெறும் 2. அதுவும் 1932, 1933ல். அதாவது இருபது வருஷமா மாட்ரிட் லீக்கை ஜெயிக்கவே இல்லை. இன்றைக்கு இருக்கிற மாட்ரிட்டை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கதை புரியாது.

சரி, ஆளைப் பார்ப்போம். டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாக்காரர், ரிவர் பிளேட் கிளப் ஆட்டக்காரர். 1949ல் அங்கே ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்காக ஸ்டிரைக் செய்ய, அந்தக் களேபரத்தில் பலர் கொலம்பியாவுக்குப் பறந்தார்கள். கொலம்பிய லீக் அப்போது ஃபிஃபாவின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே பழைய கிளப்புக்கு ஒரு பைசா கொடுக்காமலே ஆளைத் தூக்கலாம். இவரைத் தூக்கியது பொகோட்டாவின் மில்லோனாரியோஸ். பிறகு 1951ல் லிமாவில் ஒரு சமரசம். 1954 வரை ஆட்டக்காரர்கள் கொலம்பியாவிலேயே இருக்கலாம், அப்புறம் பழைய கிளப்புக்குத் திரும்பணும் என்று.

இங்கேதான் சிக்கல். 1953ல் இவரை வாங்க வேண்டுமென்றால் யாரிடம் வாங்குவது? 1954 வரை மில்லோனாரியோஸ் சொந்தக்காரர், அதற்குப் பிறகு ரிவர் பிளேட். ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா மாதிரி :-) பார்சிலோனா ரிவர் பிளேட்டிடம் பேசி முடித்தது. மாட்ரிட் மில்லோனாரியோஸிடம் பேசியது. 1952ல் மாட்ரிட்டின் 50ஆம் ஆண்டு விழாவுக்கு மில்லோனாரியோஸ் வந்து ஆடியபோதே அவர்கள் கண் இவர்மேல் விழுந்துவிட்டது.

இத்தனைக்கும் முந்திக்கொண்டது பார்சிலோனாதான். 1953 மே மாதமே டி ஸ்டெஃபானோ பார்சிலோனா நகரத்தில் வந்து இறங்கிவிட்டார். அந்தச் சட்டையைப் போட்டு நட்பு ஆட்டங்களும் ஆடினார். ஆனால் மில்லோனாரியோஸோடு பேரம் பேசுவதில் கிளப் அலட்சியம் காட்டியது. அவர்களது நட்சத்திரம் குபாலாவுக்குக் காசநோய் வந்தபோதுதான் இன்னொரு பெரிய ஆள் தேவை என்று தேடினார்கள். அவர் குணமாகித் திரும்பியதும் அந்த வேகம் குறைந்துபோனது.

ஆகஸ்டில் ஸ்பெயின் சம்மேளனம் இனி வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கக் கூடாது என்று ஒரு தடை போட்டது. செப்டம்பரில் வந்தது அந்த வினோதமான தீர்ப்பு. நாலு சீசன், மாற்றி மாற்றி. 1953-54, 1955-56 மாட்ரிட்டுக்கு. 1954-55, 1956-57 பார்சிலோனாவுக்கு. பங்காளிகள் கோயில் பூசையை முறை வைத்துப் பிரித்துக்கொள்வது போல! பார்சிலோனாவில் ஒரே கொந்தளிப்பு. தலைவர் மார்த்தி கரேட்டோ பதவி விலகினார். அடுத்து வந்த தற்காலிக நிர்வாகம், போட்ட பணம் திரும்பி வந்தா போதும் என்று தன் பங்கையும் மாட்ரிட்டுக்கே விட்டுக்கொடுத்தது.

அக்டோபர் 25 அன்று இரண்டு அணிகளும் மோதின. மாட்ரிட் 5, பார்சிலோனா 0. இவர் இரண்டு கோல். அந்த சீசன் லீக் கோப்பையும் மாட்ரிட்டுக்கே.

"எல்லாம் சர்வாதிகாரி பிராங்கோ செய்த சதி" என்பது கட்டலோனியர்களின் நெடுங்கால வாதம். சம்மேளனத்தின் தடை வந்த நேரத்தைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம்தான். மத்தியஸ்தம் செய்தவரும் அதே சம்மேளனத்தின் முன்னாள் தலைவர். ஆனா பாருங்க, பிராங்கோ ஆட்சிக்கு வந்த 1939லிருந்து 1953 வரை மாட்ரிட் ஒரு லீக்கும் ஜெயிக்கவில்லை. அதே காலத்தில் பார்சிலோனா 5 ஜெயித்திருக்கிறது. அரசாங்கம் அவ்வளவு பாசமாக இருந்திருந்தால் பாதி ஆளைக் கொடுத்திருக்க வேண்டியதே இல்லையே? அநியாயம் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அநியாயத்துக்குப் பிறகும் பாதி ஆள் பார்சிலோனா கையில் இருந்தார். அதையும் கோபத்தில் தூக்கிப் போட்டது அவர்களேதான்.

அந்தப் பாதியை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். 1954-55 சீசன் பார்சிலோனாவின் முறை. அந்த வருஷம் மாட்ரிட் முதலிடம், பார்சிலோனா இரண்டாமிடம். டி ஸ்டெஃபானோ இந்தப் பக்கம் ஆடியிருந்தால்? குபாலாவும் அவரும் ஒரே அணியில்! அதற்கு அடுத்த 1955-56ல்தான் ஐரோப்பியக் கோப்பையே பிறந்தது. ஸ்பெயினிலிருந்து போனது நடப்பு சாம்பியனான மாட்ரிட். முதல் கோப்பையை ஜெயித்ததால் அடுத்த வருஷம் நேரடி நுழைவு. 1956 முதல் 1960 வரை ஐந்து ஃபைனல், ஐந்து கோப்பை. ஐந்திலும் டி ஸ்டெஃபானோ கோல் அடித்தார். ஆக, பார்சிலோனா தூக்கி எறிந்தது சாதாரண சீசனை அல்ல. கதவு திறப்பதற்கு முந்தின சீசனை.

இதற்கு மறுப்பும் உண்டு. பழைய உடன்பாட்டின்படி 1955-56ல் ஆள் மாட்ரிட் பக்கம், அப்போ பார்சிலோனாவுக்கு என்ன லாபம்? சரிதான், பார்சிலோனா அந்தக் கோப்பையை ஜெயித்திருக்கும் என்று நானும் சொல்லவில்லை. மாட்ரிட் அந்தப் போட்டியிலேயே இல்லாமல் போயிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நல்ல ஆட்டக்காரர்கள் அப்புறமும் கிடைப்பார்கள். ஒரு போட்டியின் முதல் ஐந்து வருஷம் திரும்பக் கிடைக்காது.

பார்சிலோனா ஒன்றும் அழிந்துபோய்விடவில்லை. 1959, 1960ல் லீக் ஜெயித்தது. ஐரோப்பியக் கோப்பையில் மாட்ரிட்டை முதன்முதலில் வெளியேற்றிய அணியும் அதுதான், 1960-61ல். ஆனால் அந்த வருஷ ஃபைனலில் பென்ஃபிகாவிடம் 3-2 என்று தோற்றது. அடுத்த லீக் பட்டத்துக்கு 1974 வரையும், முதல் ஐரோப்பியக் கோப்பைக்கு 1992 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 முடிய மாட்ரிட் 15, பார்சிலோனா 5.

கொசுறுச் செய்தி: 1964ல் மாட்ரிட்டை விட்டு விலகிய டி ஸ்டெஃபானோ கடைசியாகப் போய்ச் சேர்ந்தது பார்சிலோனா நகரத்துக்குத்தான். ஆனால் அந்த ஊரின் இன்னொரு கிளப்பான எஸ்பான்யோலுக்கு!

முழுசா கிடைக்காதது தனக்கு வேண்டாம் என்று சொல்வது பார்க்க ரோஷமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு முழுசா கிடைத்த பிறகுதான் அந்த ரோஷத்தின் விலை தெரியும். நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே, பார்சிலோனாவின் இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பாதி ஆளை வைத்துக்கொண்டிருப்பீர்களா?