தோல்வியிலும் நிலைத்த சாதனை

விளையாட்டரங்கில் நிகழும் சாதனைகள் இருவகைப்படும். ஒன்று, கடிகாரமும் அளவுகோலும் காத்து வைப்பது. மற்றொன்று, கண்டு நின்ற மக்களின் நெஞ்சம் காத்து வைப்பது. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் டாக்டர் எம். ஜெகதீசன் நிறுவிய மலேசியச் சாதனை, 2017 வரை முறியடிக்கப்படாமல் நின்றது. கடல் கடந்து நிகழ்ந்த அதனை நேரிற் கண்ட மலேசியர் மிகச் சிலரே. எண்ணே அதன் புகழைக் காத்தது. இரண்டாம் வகைக்கு, 1975 மார்ச்சுத் திங்களில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் சான்றாகும்.

உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி மூன்றாம் முறையாக அவ்வாண்டு கோலாலம்பூரில் நடைபெற்றது. பன்னிரண்டு நாடுகள் பங்குகொண்டன. 1973ஆம் ஆண்டுப் போட்டியில் பதினோராம் இடத்தையே பெற்றிருந்த மலேசியாவிடம் பெருவெற்றியை எவரும் எதிர்பார்த்திலர். ஆயினும், அப்போதைய உலக வெற்றியாளரான நெதர்லாந்தை வீழ்த்தி மலேசிய அணி அரையிறுதிக்குள் நுழைந்தது. எதிரே நின்றது இந்தியா.

மார்ச்சு 13ஆம் நாள் பல்லாயிரவர் அரங்கில் திரண்டனர். அவர்கள்முன் ஆடிய அணியின் பெயர்ப்பட்டியலே ஒரு வரலாற்றுப் பாடமாகும். சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜன் என்ற பெயர்களோடு பூன் ஃபூக் லோக், கைருடின் சைனால் என்ற பெயர்களும் அதில் இருந்தன. 1969 மே 13இல் இனக்கலவரத்தால் புண்பட்ட அதே மாநகரில், ஆறாண்டுகள் கழிந்தபின், பல இனத்து இளைஞரும் ஒரே சீருடை அணிந்து களம் புகுந்தனர். தமிழர்க்கோ இதில் மற்றொரு பொருளும் உண்டு. எதிரணி முன்னோர் பிறந்த மண்ணினது. இவ்வணியோ தாம் பிறந்து வாழும் மண்ணினது. தம் இனத்து இளைஞர் மலேசியாவின் பெயரால் இந்தியாவை எதிர்த்து ஆடியது, இம்மண்ணோடு தமிழர் கொண்ட உறவை எந்தச் சட்டநூலினும் தெளிவாக உரைத்தது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. மலேசியா இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் நின்றது. இறுதியாட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அந்நேரத்தில் இந்தியா மாற்றாட்டக்காரராக இறக்கிய அஸ்லாம் ஷேர் கான், பெனால்டி கார்னர் வாய்ப்பில் பந்தை வலைக்குள் செலுத்திச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோல் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தது. மார்ச்சு 15இல் பாகிஸ்தானை இரண்டுக்கு ஒன்று என வென்று இந்தியா கிண்ணம் பெற்றது. 2023 வரை நடந்த ஆடவர் போட்டிகளில் இந்தியா வென்ற ஒரே உலகக் கிண்ணம் அதுவே. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்ற மலேசியா நான்காம் இடம் பெற்றது. 2002இல் மீண்டும் கோலாலம்பூரிலேயே போட்டி நடந்தபோது மலேசியா எட்டாம் இடமே பெற்றது. 2023 வரை அந்த நான்காம் இடத்தைக் கடந்து மலேசியா சென்றதில்லை.

தோற்ற அணியைப் போற்றுவது முறையோ என ஒருவர் வினவலாம். தமிழ் மரபு இதற்கு விடை வைத்திருக்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். புறப்புண் நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்ற மன்னனின் முன்னிலையிலேயே, தோற்றவனே மேலானவன் என்று பாடினார். வெற்றியைக் களம் முடிவு செய்யும். பெருமையையோ கண்டோரும் கேட்டோரும் முடிவு செய்வர் என்பதே அப்புலவர் உணர்த்திய நீதி.

செமினியிலும் கிள்ளானிலும் பயிலும் நம் மாணவர்க்குக் கிண்ணம் வென்றோரின் பெயர்கள் பாடநூலிற் கிடைக்கும். கிண்ணத்தின் விளிம்புவரை சென்று திரும்பியோரின் பெயர்களை ஆசிரியரே சொல்லித் தருதல் வேண்டும். அவற்றுள் சண்முகநாதனும் பூன் ஃபூக் லோக்கும் கைருடினும் அடுத்தடுத்து இருப்பதை மாணவர் உணர்வாராயின், அதுவே அவர்கள் கற்கும் நாட்டு வரலாற்றின் முதற்பாடம் ஆகும்.