அணு உலைக் கட்டுமானப் பொருட்களின் ஆய்வகச் சோதனை

அணு உலையின் கலன், குழாய், எரிபொருள் உறை ஆகியவற்றுக்கான உலோகங்கள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நியூட்ரான் தாக்குதலையும் எத்தனை காலம் தாங்கும் என்று முன்கூட்டியே கண்டறியும் துறை இது. நியூட்ரான் மோதும்போது உலோகத்தின் அணுக்கள் தம் இடத்திலிருந்து பெயர்கின்றன. ஆகவே உலைக்குள் போன எஃகு அதே குணத்தோடு வெளியே வருவதில்லை.

இந்த மாற்றத்தின் ஆழம் 1967இல் புலப்பட்டது. ஸ்காட்லாந்தின் டூன்ரே வேக உலையில் இருந்த துருவேறா எஃகில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி உலோகம் பருத்திருப்பதைக் காத்தோர்ன், ஃபுல்டன் இருவரும் வெளியிட்டனர். 1983இல் கனடாவின் பிக்கரிங் கனநீர் உலையில் சர்க்கலாய் என்ற சர்க்கோனியக் கலவையாலான அழுத்தக்குழாய் ஒன்று வெடித்தது. உலோகத்தில் ஊறிய ஹைட்ரஜன் அதை நொறுங்கும்படி ஆக்கியிருந்தது. பின்னர் இந்தியாவின் புதிய கனநீர் உலைகளும் சர்க்கோனியம்-நியோபியம் கலவைக்கு மாறின.

இந்தியாவில் இத்துறையின் தலைவாசல் கல்பாக்கம். 1971இல் தொடங்கிய ஆய்வு மையத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முறை இயங்கியது. அதில் எரிந்த எரிபொருள் கட்டுகள் தடித்த கான்கிரீட் சுவருக்குள் இருக்கும் 'ஹாட் செல்' அறைகளுக்கு வருகின்றன. வெளியே நிற்பவர்கள் இயந்திரக் கைகளால் அவற்றைப் பிரிக்கிறார்கள். கட்டிலுள்ள ஒவ்வொரு எரிபொருள் ஊசியின் நீளமும் விட்டமும் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளக்கிறார்கள். உறையை நறுக்கி இழுத்து முறித்துப் பார்க்கிறார்கள். டன்னுக்கு 25 ஜிகாவாட்-நாள் எரிந்த கட்டில் தொடங்கி 50, 100, 155 எனக் கட்டங்கட்டமாக இந்தச் சோதனை நடந்தது. அந்த உலையின் கார்பைடு எரிபொருள் 165 வரை எட்டியது இந்தப் பொறுமையால்தான். இந்திய அணுவியலில் இதற்கு இணையான சாதனைகள் குறைவு.

வெப்பத்தில் மெல்ல நீளும் தன்மையைச் சோதிக்க இன்னும் நெடுங்காலம் பிடிக்கும். ஒரு லட்சம் மணி நேரச் சோதனை என்றால் 11 ஆண்டுகளுக்கு மேல். கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலையின் வடிவமைப்பு ஆயுளோ 40 ஆண்டுகள். இடைவெளியைக் கணக்கீட்டால்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

கொல்கத்தாவின் பங்கு வேறு வகை. சால்ட் லேக்கில் 1977இல் முதல் கற்றையைத் தந்த சைக்ளோட்ரான், புரோட்டான் போன்ற துகள்களால் நியூட்ரான் விளைவிப்பது போன்ற சேதத்தை விரைவாக உண்டாக்க உதவுகிறது. ஜாதவ்பூரில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம், ஹாட் செல் போன்ற அறைகளில் கதிர்வீச்சைத் தடுக்கும் ஜன்னல்களுக்கான கண்ணாடியை உருவாக்கியுள்ளது. ஆனால் சைக்ளோட்ரானின் துகள் கற்றை தரும் சேதம் மேற்பரப்பை ஒட்டியே நிற்பதால், எந்தக் கலவை மேல் என்று வரிசைப்படுத்த மட்டுமே அந்தச் சோதனை போதும். உலையில் கிடந்து வந்த உலோகத்தைச் சோதிக்காமல் எந்தப் புதிய எஃகுக்கும் அனுமதி தரக் கூடாது.