அல்மிக்கி

அல்மிக்கி, கியூபாவில் மட்டுமே வாழும் சிறு பாலூட்டி. அறிவியல் பெயர் சொலெனொடான் கியூபானஸ். மூஞ்சூறுக்கும் முள்ளெலிக்கும் தூரத்து உறவு; எடை ஒரு கிலோ அளவே. நீண்ட மூக்காலும் வலுவான நகங்களாலும் மண்ணைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்னும். பகலெல்லாம் வளையிலோ மரப்பொந்திலோ பதுங்கியிருக்கும். இதன் உமிழ்நீர் நஞ்சுடையது; கீழ்த்தாடையின் இரண்டாம் வெட்டுப்பல்லில் உள்ள பள்ளம் வழியே அது கடிவாயில் இறங்கும். பாலூட்டிகளில் இது மிக அரிய அமைப்பு.

சொலெனொடான்களின் கிளை, டைனோசர்கள் உலவிய காலத்திலேயே, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், பிற பாலூட்டிகளிலிருந்து பிரிந்துவிட்டது என்பது ஒரு மதிப்பீடு. பக்கத்துத் தீவான ஹிஸ்பானியோலாவின் இனமும் அல்மிக்கியும் எப்போது பிரிந்தன என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2004 மரபணு ஆய்வு அதை 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வைத்தது. பிந்தைய ஆய்வு சில பத்து லட்சம் ஆண்டுகளே என்கிறது.

ஹிஸ்பானியோலா இனம் 1833இல் விவரிக்கப்பட்டது. கியூப இயற்கையியலாளர் ஃபெலிப்பே போயி, தம் நாட்டு விலங்கும் அதே இனம் என்றே எண்ணியிருந்தார். அது தனி இனம் என்று 1861இல் நிறுவியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ்.

பெயர் பெற்ற வேகத்திலேயே அது கண்ணிலிருந்து மறைந்தது. 1890க்குப் பின் நெடுங்காலம் ஒன்றும் பிடிபடாததால், 1970 வாக்கில் அழிந்தே போயிற்று எனப் பலர் முடிவுகட்டினர். 1974, 1975 ஆண்டுகளில் கிழக்கு மலைகளில் மூன்று அகப்பட்டன. 2003இல் கிடைத்த ஒன்றுக்கு அலெஹாந்திரிட்டோ எனப் பெயரிட்டு, ஆராய்ந்தபின் காட்டிலேயே விட்டனர். 2012இல் கியூப, ஜப்பானிய ஆய்வாளர்கள் அலெஹாந்திரோ டி ஹம்போல்ட் தேசியப் பூங்காவில் மேலும் சிலவற்றைப் பிடித்து ஆராய்ந்தனர்.

பாம்பையும் ஆந்தையையும் தவிரப் பெரிய பகை அறியாமல் வளர்ந்த விலங்கு இது. மனிதரோடு நாயும் பூனையும் வந்தன. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கக் கரீபியன் தீவுகளுக்கு இந்தியக் கீரியும் கொண்டுவரப்பட்டது. பழி பெரும்பாலும் கீரிமேல்தான் விழுகிறது. ஆனால் கீரி பகலில் வேட்டையாடுவது, அல்மிக்கியோ இரவில் நடமாடுவது. நாயும் பூனையுமே கூடுதல் ஆபத்து என்று கொள்வது பொருந்தும். காடழிப்பும் சுரங்கமும் எஞ்சிய இடத்தைக் குறுக்கின. இன்று இது அருகிவரும் இனம். ஹம்போல்ட் பூங்காவின் மரங்களைக் காப்பது மட்டும் போதாது. அங்கே நாய், பூனை நுழையாமல் தடுப்பதும் அவசரத் தேவை.