ஊரே கொண்டாடிய நாடகம்... எழுதியவருக்குக் கிடைத்ததோ சொற்பம்! - யார் இந்த டக்ளஸ் ஜெரால்டு?

நீங்க எழுதிய ஒரு காமெடி ஸ்க்ரிப்ட் வைரல் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. வீடியோ போட்ட சேனலுக்கு விளம்பரம் கொட்டுது. நடிச்ச நண்பருக்கு சினிமா சான்ஸ் வருது. உங்களுக்கு? ஆரம்பத்தில் கைக்கு வந்த சின்னத் தொகையோடு சரி. வயிறு எரியும்தானே!

1829-ல் லண்டனில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அவர் டக்ளஸ் ஜெரால்டு. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவர். நடுநடுவே சுருக்கென்று குத்தியவரும் அவர்தான்.

கப்பலில் ஒரு குட்டிப் பையன்

1803 ஜனவரி 3 அன்று லண்டனில் பிறந்தார் ஜெரால்டு. அப்பா சாமுவேல், ஷியர்னஸ் என்ற துறைமுக ஊரில் நாடகக் கொட்டகை நடத்தியவர். ஒரு பக்கம் மேடை, இன்னொரு பக்கம் போர்க்கப்பல்கள். பையனுக்குக் கப்பல்தான் பிடித்தது. 1813 டிசம்பரில், 11 வயதுகூட நிரம்பாத நிலையில், 'நாமூர்' என்ற போர்க்கப்பலில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தக் கப்பலின் கேப்டன் சார்லஸ் ஆஸ்டின், நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் தம்பி.

அங்கே சாகசத்தைவிட வேதனையைத்தான் அதிகம் பார்த்தார். மாலுமிகள் கசையடி வாங்குவதைக் கண்டார். 1815-ல் வாட்டர்லூ போரில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிவந்த கப்பலிலும் இருந்தார். போர் முடிந்ததும் கடல் வாழ்க்கையும் முடிந்தது. ஆனால், கசையடியின் மீதும் போரின் மீதும் வந்த வெறுப்பு கடைசி வரை போகவில்லை.

தன் கட்டுரையைத் தானே அச்சுக் கோத்தவர்

அப்பாவின் தொழில் நொடித்துப்போக, 1816-ல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. பையன் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பகலெல்லாம் எழுத்துக் கோப்பது, கிடைக்கிற நேரத்தில் ஷேக்ஸ்பியர் படிப்பது. பள்ளிப்படிப்பு பெரிதாக இல்லாதவருக்கு அச்சுக்கூடமே யுனிவர்சிட்டி!

ஒருநாள் ஓர் இசை நாடகத்துக்குப் போய்வந்தவர், விமர்சனம் எழுதி, பெயர் போடாமல் தான் வேலை பார்த்த பத்திரிகையின் ஆசிரியர் பெட்டியிலேயே போட்டுவிட்டார். மறுநாள் அச்சுக் கோக்கச் சொல்லி ஒரு கட்டுரை அவர் கைக்கு வந்தது. பார்த்தால், அவர் எழுதியதேதான்! 'இதை எழுதியவர் மேலும் எழுதி அனுப்பவும்' என்று ஆசிரியர் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தாராம்.

'கறுப்பு விழி சூசன்'

அப்போது லண்டனில் பாட்டில்லாத முழு வசன நாடகம் போடும் உரிமை, டிரூரி லேன், கோவென்ட் கார்டன் போன்ற அரசு அனுமதி பெற்ற அரங்குகளுக்குத்தான். மற்ற அரங்குகள் பாட்டு, இசை கலந்து 'மெலோடிராமா' போட்டுத்தான் பிழைக்க வேண்டும். அப்படியொரு இடமான கோபர்க் தியேட்டருக்கு வாரச் சம்பளத்தில் நாடகம் நாடகமாக எழுதித் தள்ளினார் ஜெரால்டு. இன்றைய 'ஓல்ட் விக்' அதுதான்.

அங்கே முதலாளியோடு சண்டை. புது நாடகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக 'சர்ரே' தியேட்டருக்குப் போனார். 1829 ஜூன் 8, 'கறுப்பு விழி சூசன்' அரங்கேறியது.

கதை சிம்பிள். கடலில் இருந்து திரும்பும் மாலுமி வில்லியம், தன் மனைவி சூசனிடம் குடிபோதையில் அத்துமீறும் ஒருவனை வெட்டிவிடுகிறான். அப்புறம்தான் தெரிகிறது, அது அவனுடைய கேப்டன்! மேலதிகாரி மீது கைவைத்தால் கடற்படைச் சட்டப்படி மரண தண்டனை. தூக்குக் கயிறு வரை போன பிறகு, சம்பவத்துக்கு முன்பே அவன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தது தெரியவருகிறது.

அரங்கம் அழுதது, சிரித்தது, திரும்பத் திரும்ப வந்தது. 150 இரவுகளைத் தாண்டி ஓடியது. வில்லியமாக நடித்த டி.பி.குக் உச்ச நட்சத்திரமானார். தியேட்டர் முதலாளி எலிஸ்டன் பெரும்பணம் பார்த்தார். ஜெரால்டுக்குக் கிடைத்தது? சுமார் 60, 70 பவுண்டு!

ஏன் இப்படி? புத்தகமாக அச்சிடும் உரிமைக்குச் சட்டம் இருந்தது. மேடையேற்றும் உரிமைக்கு இல்லை. அச்சான நாடகத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக் கல்லா கட்டலாம்.

ஜெரால்டு புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. 1832-ல் நாடகத்துறை பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார். மறு ஆண்டே, மேடையேற்றும் உரிமையை எழுத்தாளருக்குத் தரும் சட்டம் வந்தது. சூசன் சக்கைப்போடு போட்ட காலம் அதற்குள் போய்விட்டது. ஆனால், பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்தது.

'பஞ்ச்' வைத்த பஞ்ச்

1841-ல் 'பஞ்ச்' நகைச்சுவை வார இதழ் ஆரம்பமானது. இரண்டாவது இதழிலிருந்தே ஜெரால்டு அதில் எழுதினார். 'க்யூ' என்ற ஒற்றை எழுத்துப் புனைபெயரில் அவர் எழுதிய அரசியல் கட்டுரைகளில் அமைச்சர்கள், பிரபுக்கள், பிஷப்புகள் யாரும் தப்பவில்லை. ஏழைகள் பட்டினி கிடக்கும்போது பணக்காரர்கள் அடிக்கும் கூத்துதான் அவருடைய ஃபேவரைட் டார்கெட்.

ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஒரு தகவல்: 'கிரிஸ்டல் பேலஸ்' கிளப் தெரியும்தானே? அந்தப் பெயருக்கு மூலமான கண்ணாடி மாளிகை, 1851 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. 1850-ல் 'பஞ்ச்' இதழில் அதைப் 'பளிங்கு மாளிகை' என்ற பொருளில் கிண்டலாகக் குறிப்பிட்டவர் ஜெரால்டு. அந்தப் பெயர் நிலைக்க அதுதான் காரணம் என்பார்கள்.

தலையணை மந்திரம்

1845-ல் அதே இதழில் வந்த 'மிஸஸ் காடில்' தொடர்தான் மெகா ஹிட். பொம்மைக் கடைக்காரர் காடில் படுக்கையில் சாய்ந்ததும், மனைவியின் கச்சேரி தொடங்கிவிடும். நண்பனுக்குக் குடையைக் கொடுத்துவிட்டார் என்பதற்காக ஒரு ராத்திரி முழுக்க அர்ச்சனை! மனைவியைக் கேலிசெய்யும் இந்த பாணி இன்று கொஞ்சம் பழசாகத் தெரியலாம். ஆனால் பேச்சின் வேகம், குடையில் தொடங்கி குடும்ப மானம் வரை தாவும் லாஜிக்... இன்னும் சிரிப்பு வரும்.

இதைத் தழுவித்தான் பண்டித நடேச சாஸ்திரி தமிழில் 'தலையணை மந்திரோபதேசம்' எழுதினார். ஆக, நம் ஊர் வீடுகளிலும் ஜெரால்டு பேசியிருக்கிறார், பெயர் தெரியாமலே.

மீண்டும் ஜூன் 8

1852-ல் 'லாயிட்ஸ் வீக்லி' பத்திரிகைக்கு ஆசிரியரானார். ஆண்டுக்கு 1,000 பவுண்டு சம்பளம். சூசன் தந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! அங்கே ஐந்து ஆண்டுகள்தான். 1857 ஜூன் 8 அன்று, சூசன் அரங்கேறிய அதே தேதியில், 54 வயதில் இறந்தார்.

அவரும் சார்லஸ் டிக்கன்ஸும் நெருங்கிய நண்பர்கள். தூக்குத் தண்டனை விஷயத்தில் மட்டும் இருவருக்கும் முட்டிக்கொண்டது. மக்கள் கண்ணெதிரே தூக்கிலிடுவதை நிறுத்தி, சிறைக்குள் நிறைவேற்றலாம் என்றார் டிக்கன்ஸ். தூக்கே வேண்டாம் என்றார் ஜெரால்டு. பிறகு சமாதானமாகிவிட்டார்கள். ஜெரால்டு இறந்ததும் டிக்கன்ஸ் நாடகங்கள் போட்டு, தன் கதைகளை மேடையில் வாசித்து, 2,000 பவுண்டு திரட்டி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார்.

மேடை ஒரு எழுத்தாளனுக்குத் தராமல் விட்டதை, கடைசியில் மேடையிலிருந்தே திரட்டிக் கொடுத்தார் அவருடைய நண்பர். அடுத்தமுறை ஒரு வசனத்துக்கு விழுந்து விழுந்து சிரிக்கும்போது, அதை யார் எழுதினார் என்றும் ஒருமுறை தேடிப்பாருங்களேன்!