ஈரலும் வெல்லமும்: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

மாப்பொருள், வெல்லம், கொழுப்பு என்பவற்றை ஆக்குவன தாவரங்களே. விலங்குகள் அவற்றை உண்டு அழிப்பன மாத்திரமே என்பது, 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சிய இரசாயன அறிஞர் தூமா முதலியோர் கொண்ட கொள்கையாகும். இதனைத் தகர்த்தவர் கிளோட் பேணாட் என்னும் உடற்றொழிலியல் அறிஞராவர்.

1848 ஆம் ஆண்டில் அவர், இறைச்சியை மாத்திரம் உண்ட நாய்களை ஆராய்ந்தார். குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் குருதியில் வெல்லம் காணப்படவில்லை. ஈரலை விட்டு நீங்கும் குருதியிலோ அது மிகுந்திருந்தது. உணவில் இல்லாத வெல்லம் எங்கிருந்து வந்தது? 1855 இல், ஈரலொன்றின் குருதிக்கலன்களில் நீரைச் செலுத்தி, வெல்லம் முற்றாக நீங்கும்வரை கழுவினார். மறுநாள் சோதித்தபோது அவ்வீரலில் வெல்லம் மீண்டும் தோன்றியிருந்தது. வெல்லமாக மாறவல்ல பொருளொன்று ஈரலிற் சேமிக்கப்பட்டுள்ளதெனத் துணிந்த அவர், 1857 இல் அதனைப் பிரித்தெடுத்தார். அதுவே கிளைக்கோசன்.

குளுக்கோசு அலகுகள் பல்லாயிரம் கிளைகிளையாகத் தொடுக்கப்பட்டதே அதன் அமைப்பென்பது பின்னர்த் தெளிவாயிற்று. கிளை நுனிகள் பலவாதலின், வேண்டியபோது குளுக்கோசு விரைந்து வெளிப்படும். நெடுநாட் சேமிப்புக்கோ கொழுப்பே ஏற்றது. ஒரு கிராம் காபோவைதரேற்று ஏறக்குறைய 4 கிலோகலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். கிளைக்கோசன் அன்றாடச் செலவுக்குரிய கைப்பொருளாயின், கொழுப்பு பஞ்சகாலத்துக்குரிய களஞ்சியம் எனலாம்.

நீரிழிவு நோயாளரின் குருதியில் மிகும் வெல்லம் உணவிலிருந்து மாத்திரம் வருவதன்று என்பதும் பேணாடின் ஆய்வினாற் புலனாயிற்று. பேரறிஞர் ஒப்பிய கொள்கையாயினும், சோதித்தறிந்த பின்னரே அதனை ஏற்றல் வேண்டுமென்பதை மாணவர் இவ்வரலாற்றால் உணர்வாராக.